நாலு கிண்ணம் எங்கே? தாய் செலக்ட் முத்திரை தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாய்லாந்து வணிக அமைச்சகத்தின் பன்னாட்டு வணிக மேம்பாட்டுத் துறையினருக்கு,

வணக்கம். உங்கள் மொழியில் எனக்குப் பேரம் பேச வரும், சாப்பாடு சொல்ல வரும், மடல் எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். பாங்காக்கில் நாலு வருஷம் வேலை பார்த்தவன் நான். சீலோம் சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்தேன். இப்போது பிழைப்பு ஜெர்மனியில். இங்கே ஒரு தாய் உணவகத்துக்குப் போய் வந்ததிலிருந்து இந்த மடல் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அசல் தாய்லாந்துச் சாப்பாடு தரும் கடை என்று நீங்கள் கொடுக்கும் தாய் செலக்ட் முத்திரையைப் பற்றித்தான் பேச்சு.

கடையின் பெயர் வேண்டாம். வாசலில் தங்க நிற யானை, உள்ளே ஆர்க்கிட் பூ. பாட் க்ரபாவ் என்ற இறைச்சி வதக்கல் கேட்டேன். தட்டில் குடைமிளகாய், பேபி கார்ன், பெரிய துண்டாக வெங்காயம், நடுவே ஹொரபா என்ற வேறோர் இலை ஐந்தாறு. க்ரபாவ் என்பதே ஓர் இலையின் பெயர். புதினாச் சட்னி என்று சொல்லிக் கொத்தமல்லியை அரைத்து வைத்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மேலே கிடக்க வேண்டிய, ஓரம் மொறுமொறுத்த முட்டையும் இல்லை.

இதைப் படிக்கும் தமிழர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். க்ரபாவ் வேறொன்றும் இல்லை, நம் மாடத்துத் துளசி இனம்தான். கிராம்பும் மிளகும் கலந்த அந்த வாடை சூடான எண்ணெயில் பூண்டு, மிளகாயோடு விழும்போது தெருமுனை வரை தும்மல் வரும். துளசியைத் தீர்த்தத்திலும் இருமல் கஷாயத்திலும் மட்டுமே பார்த்த என் அம்மா, அதைப் பன்றிக்கறியோடு வதக்குவதை வீடியோவில் பார்த்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைக்காரர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பறித்த துளசி சீக்கிரம் கறுத்துப்போகும். விமானத்தில் வந்து சேர்வதற்குள் பாதி குப்பை, விலையோ யானை விலை. ஹொரபா கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவிலும் இந்தத் தொல்லை உண்டு. எலுமிச்சை இனத்து மரங்களைத் தாக்கும் நோய்க்குப் பயந்து, உங்கள் மக்ரூட் எலுமிச்சையின் பச்சை இலையை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அங்கே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். இல்லாததற்குச் சமையல்காரர் என்ன செய்வார்?

அப்படியானால் எது அசல்? இந்தக் கேள்விக்கு நீங்கள் சொல்லிவரும் பதிலில்தான் எனக்குச் சிக்கல்.

2002-இல் உங்கள் அரசு குளோபல் தாய் திட்டத்தைத் தொடங்கியபோது வெளிநாடுகளில் இருந்த தாய் உணவகங்கள் ஏறத்தாழ 5,500. அதை 8,000 ஆக்க வேண்டும் என்று கடன் கொடுத்தீர்கள், சமையல்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தீர்கள். எலிஃபன்ட் ஜம்ப், கூல் பேசில், கோல்டன் லீஃப் என்று விலைக்கு ஏற்ற மூன்று மாதிரிக் கடைகளைக்கூட வரைந்து வைத்தீர்கள். பெயர்களைப் பார்த்தாலே தெரிகிறது, யாருடைய நாக்கை நினைத்து வைத்தவை என்று. கடைகள் பெருகின, உங்கள் கிரீன் கறிக் குழம்பு உலகம் சுற்றியது, கூடவே பாயசமாகவும் ஆனது. வந்த விருந்தாளி முகம் சுளிக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, பிறகு ருசி மாறிவிட்டதே என்று அளவுகோலை எடுத்தால் எப்படி?

அளவுகோல் என்றால் நிஜமாகவே ஒரு கருவி. 2014-இல் உங்கள் நாட்டுத் தேசியப் புத்தாக்க நிறுவனம் காட்டியது. சென்சார்களால் மணத்தையும் ருசியையும் அளந்து, தரப்படுத்திய செய்முறையோடு ஒப்பிட்டு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எண்பதுக்குக் கீழே போனால் தேறாது. எங்கள் ஊரில் சாம்பாருக்கு இப்படி ஒன்று வைத்தால் முதல் நாளே மாமியார், மருமகள் யாராவது ஒருவர் ஃபெயில்.

அசல் பேசும் உணவுகளின் பிறப்பைப் பாருங்கள். பாட் தாயின் நூடுல்ஸ் சீனர்கள் கொண்டுவந்தது. 1939-இல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிரதமர் பிபுன்சோங்க்ராம் ஆட்சியின் தேசியப் பிரசாரத்தில்தான் அது தேசிய உணவாக உயர்ந்தது. சோம் தாம் என்ற பப்பாளிக்காய் சாலட்டின் பப்பாளி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. மிளகாயும் அங்கிருந்து போர்த்துகீசியர் கைமாற்றிவிட்டதுதான். அதற்கு முன்னால் உங்களுக்கும் எங்களுக்கும் காரம் என்றால் மிளகு. புதிதாக வந்த காய்க்கு நாங்கள் மிளகாய் என்று பழைய ஆளின் பெயரையே ஒட்டவைத்தோம். உங்கள் ஊரிலோ ப்ரிக் என்றால் இன்று மிளகாய்தான். மிளகு பாவம், ப்ரிக் தாய் என்று நாட்டின் பெயரைச் சேர்த்துச் சொன்னால்தான் தெரிகிறது. நேற்று வந்த மிளகாயில்லாமல் தோம் யாம் குங் என்ற இறால் சூப் உண்டா? அதைத்தான் 2024-இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். நானும் மகிழ்ந்தேன்.

எனவே என்ன போட்டார்கள் என்பதை வைத்து மட்டும் அசலைப் பிடிக்க முடியாது என்று நினைக்கிறேன். பாங்காக்கில் நான் கற்றுக்கொண்டது வேறு. நான் குடியிருந்த சந்தில் ஒரு நூடுல்ஸ் வண்டி. பிளாஸ்டிக் முக்காலி, தகர மேசை, அதன்மேல் நாலு கிண்ணம் வைத்த ஒரு தாங்கி. ஒன்றில் மீன் சாஸில் ஊறிய மிளகாய், ஒன்றில் காடியில் மிதக்கும் மிளகாய் வட்டங்கள், ஒன்றில் வறுத்துப் பொடித்த மிளகாய்த்தூள், ஒன்றில் வெறும் சர்க்கரை. நூடுல்ஸ் கிண்ணம் வந்ததும் யாரும் உடனே சாப்பிட மாட்டார்கள். முதலில் ஒரு வாய் சாறு. பிறகு அரைக் கரண்டி இது, கால் கரண்டி அது, ஒரு கலக்கு, மறுபடி ஒரு வாய். என் அலுவலகத் தோழி நூடுல்ஸில் இரண்டு கரண்டி சர்க்கரை போடுவாள். எதிரில் உட்கார்ந்திருக்கும் அவள் அண்ணன் தூளை அள்ளிக் கொட்டுவான். ஒரே சட்டி, ஒரே அகப்பை, இரண்டு ருசி. வண்டிக்காரர் யார்மேலும் கோபித்துக்கொண்டதில்லை. அவர் முக்கால் சமையல்தான் செய்தார், மீதிக் கால் எங்கள் கையில்.

உங்கள் கருவி அந்த இரண்டு நூடுல்ஸ் கிண்ணங்களில் எதற்கு எண்பது கொடுக்கும்?

இங்கே ஜெர்மனியில் அந்தக் கால் பங்கைத்தான் காணோம். எவ்வளவு காரம் வேண்டும் என்று மெனுவில் மிளகாய்ப் படம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டிருக்கிறது. ஒன்றைச் சொன்னால் சர்க்கரை, மூன்றைச் சொன்னாலும் சர்க்கரை, கூடக் கொஞ்சம் சிவப்பு. உங்கள் ஊரில் 'பெட் நிட் நோய்', காரம் கொஞ்சம் போதும், என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பேன். 'நோய்' காதில் விழும்போதெல்லாம் தமிழ்க்காது ஒருமுறை திடுக்கிடும். இங்கே அந்தச் சொல்லுக்கே வேலையில்லை. அப்புறம் சோற்றுக்குச் சாப்ஸ்டிக் வைக்கிறார்கள். உங்கள் ஊரில் சோற்றைக் கரண்டியில் அள்ளுவார்கள், ஃபோர்க் அதைத் தள்ளிக் கொடுக்க மட்டும். நான் கரண்டி கேட்டதும் பரிமாறிய பையன் என்னைப் பாவம் பார்த்தான்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் முத்திரைக்கான சோதனையில் இரண்டைப் பாருங்கள். மேசையில் நாலு கிண்ணம் இருக்கிறதா? க்ரபாவ் கிடைக்காத நாளில் 'இன்று ஹொரபாதான்' என்று ஒரு பலகையில் எழுதி வைக்கிறார்களா? எழுதி வைத்தால் அந்தத் தட்டை நான் சந்தோஷமாகவே சாப்பிடுவேன்.

இன்னொன்று. உங்கள் ஆட்கள் மதிய வியாபாரம் முடிந்து பணியாளர்கள் சாப்பிடும் நேரத்தில் அடுக்களைப் பக்கம் போகட்டும். அன்று நான் கிண்ணம் கேட்டபோது, அதெல்லாம் இல்லை என்றார் கல்லாவில் இருந்தவர். என் உடைந்த தாய்லாந்து மொழி உள்ளே கேட்டிருக்க வேண்டும். தாய்லாந்தின் வடகிழக்கே உள்ள உதோன் தானிக்காரரான சமையல்கார அம்மா ஒருவர் ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். கையில் ஒரு பழைய ஜாம் பாட்டில், அதில் பாதிக்கு மீன் சாஸ், மிளகாய், பூண்டு. அவர்கள் சாப்பாட்டுக்கு வைத்திருப்பது. பாட்டிலை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

இப்படிக்கு,
சீலோமில் நாலு வருஷம் சாப்பிட்ட ஒரு தமிழன்