மழையையும் கொஞ்சம் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு மலரில் தோட்டக் குறிப்பு எழுதியவர், ஒரே பயிரை ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் மூன்று நான்கு வருடத்தில் மண் செத்துவிடும் என்று சொல்லியிருந்தார். பாதிதான் சரி.

இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் பிராட்பாக் என்று ஒரு வயல் இருக்கிறது. 1843இல் ஜான் லாஸும் ஜோசப் கில்பர்ட்டும் அங்கே குளிர்காலக் கோதுமை விதைக்கத் தொடங்கினார்கள், இன்றுவரை ஒரு பகுதியிலாவது வருடம் தவறாமல் கோதுமைதான். அதில் எருவோ உரமோ காணாத ஒரு துண்டு உண்டு, அதுகூட இன்னும் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 1 டன் தருகிறது. உரம் போட்ட பக்கத்துத் துண்டுகளோடு ஒப்பிட்டால் பரிதாபம்தான், ஆனால் செத்த மண் இல்லையே! ‘டேக்-ஆல்’ என்ற வேர்ப்பூசணம் முதல் சில வருடம் ஆட்டிவைக்கும், அப்புறம் மண்ணுக்குள்ளேயே அதற்கு எதிரான நுண்ணுயிர்கள் பெருகி அது கொஞ்சம் அடங்கிவிடுகிறது. மாற்றுப் பயிருக்குப் பிறகு போடும் கோதுமை கூடுதலாக விளையும் என்பதை நான் மறுக்கவில்லை.

அவர் விட்டுவிட்டது மழையை. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் அந்த வயலின் பல்லாண்டு விளைச்சலையும் மழைக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து 1924இல் எழுதியது இதுதான்: வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெய்த மழை பெரும்பாலும் விளைச்சலைக் குறைத்தது. செடிக்குத் தழைச்சத்து தரும் நைட்ரேட் தண்ணீரோடு வேருக்குக் கீழே போய்விடுவது அதற்கு முக்கியக் காரணம். அங்கே வருடத்துக்கு 700, 800 மில்லிமீட்டர் மழை. சிங்கப்பூரில் நமக்கோ 2,000க்கு மேல்!

ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே சமூகத் தோட்டத்தில் மூன்று வருடமாக ஒரே பாத்தியில் வெண்டைதான் போடுகிறேன். இந்த ஜனவரியில் நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு அடி இலைகளிலிருந்து மஞ்சளாக ஏறியது, காய் விரல் நீளத்தோடு நின்றுவிட்டது. பக்கத்துப் பாத்தி மலாய்க்கார மக்சிக் (மலாயில் அத்தை) போடுவதும் வெண்டைதான், அதே மழைதான், ஆனால் அவர் வாரா வாரம் தேயிலைச் சக்கையும் காய்த்தோலும் மக்கவைத்துப் போடுகிறவர், செடி கருகருவென்று நின்றது. பிராட்பாக்கிலும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் வருடா வருடம் வாங்கிய மண்ணில், எதுவும் போடாத மண்ணைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கரிமச்சத்து இருக்கிறது. அப்படிப்பட்ட மண் தண்ணீரையும் கூடுதலாகப் பிடித்துவைக்கும்.

அதனால் அடுத்த குறிப்பில், பயிரை மாற்றுங்கள் என்பதோடு, அடைமழைக்கு முன்னால் உரத்தை மொத்தமாகக் கொட்டாதீர்கள் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தேக்கா சந்தையில் வாங்கிய விதைப் பொட்டலம் இன்னும் பாதி இருக்கிறது, நான் அதே பாத்தியில்தான் போடப்போகிறேன். இந்த முறை மக்சிக்கிடம் ஒரு வாளி மக்கிய உரம் கேட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்