கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து என் நினைப்பெல்லாம் உன் மைதானத்தில்தான் இருக்கிறது. கணக்கு வாத்தியார் வேலையோடு ஏழாம் வகுப்புப் பையன்களின் அமெரிக்க ஃபுட்பாலில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில், எதிராளியைத் தடுக்கும் டிஃபன்ஸையும் உன்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். டெக்சாஸ் பள்ளிகளில் அது வழக்கம்தான். நீ போனை வைத்த அரை மணி நேரத்தில் உங்கம்மா கூப்பிட்டாள். "அண்ணா, பசங்க ஒருத்தன்மேல ஒருத்தன் மோதி கழுத்த ஒடிச்சுக்குவாங்களே, இவன் ஏன் இதுல போய் நிக்கிறான்?" என்றாள். நான் அவளுக்குச் சமாதானம் சொல்லவில்லை. அவள் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கான பதில் உன் கையில் இருப்பதால் உனக்கே எழுதுகிறேன். ஆகஸ்டில் முதன்முதலாகக் கழுத்தில் விசில் மாட்டப்போகும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் போடுகிறேன்.

டாலஸ் பக்கத்தில் ஒன்பது வருஷம் சின்னப் பையன்களுக்கு உதவி கோச்சாக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது வருஷம் நடந்ததை உன்னிடம் சொன்னதில்லை. பன்னிரண்டு வயசுப் பையன், ஒல்லி, நல்ல வேகம். பந்தோடு ஓடிவந்தவன் நேரே இவனை நோக்கி வந்தான். நான் கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி!" என்று கத்தினேன். பையன் நான் சொன்னதைத்தான் செய்தான். தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்தான். ஹெல்மெட்டின் உச்சி ஓடியவன் தொடையில் போய் மோதியது. எழுந்தபோது அவன் வலது கை துவண்டு தொங்கியது. கழுத்திலிருந்து விரல் நுனிவரை தீப்பிடித்த மாதிரி எரிகிறது என்றான். இதை இங்கே ஸ்டிங்கர் என்பார்கள். கழுத்து நரம்பு இழுபட்டாலோ நசுங்கினாலோ வருவது. சில நிமிஷத்தில் கைக்கு உயிர் வந்துவிட்டது, அன்றைக்கு அவனை மறுபடி இறக்கவில்லை. ஆனால் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "கோச், நல்லா அடிச்சேனா?"

"அடி" என்ற அந்தச் சொல்லை அதற்குப் பிறகு மைதானத்தில் நான் சொன்னதில்லை.

கழுத்தில் என்ன நடக்கிறது என்பதை நீ முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்க்கும்போது கழுத்தெலும்புகள் லேசான வளைவில் இருக்கின்றன, ஸ்பிரிங் மாதிரி அடியை வாங்கி விலகிக்கொடுக்கும். குனிந்து தரையைப் பார்த்தால் அந்த வளைவு நேராகிவிடுகிறது. அப்போது உச்சந்தலையில் மோதினால் தலை நின்றுவிடும், பின்னால் வரும் உடம்பு நிற்காது, நடுவில் மாட்டிய கழுத்து நசுங்கும். ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும், கழுத்தைக் காக்க அதால் முடியாது. ஜோசப் டார்க் என்ற மருத்துவர் இதை ஆராய்ந்து சொன்னார். 1976இல் கல்லூரி, உயர்நிலைப் பள்ளி விதிகள் மாறி, தலையை முன்னால் நீட்டி மோதுவது தடையானது. அந்த 1976 சீசனில் கழுத்தடிபட்டுக் கைகால் செயலிழந்தவர்கள் 34 பேர். 1984இல் அது 5 ஆனது. ஆட்டம் அதே ஆட்டம்தான். தலையை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததுதான் மாறியது. உங்கம்மாவிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்.

இனி டேக்கிளுக்கு, அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவதற்கு, வருகிறேன். பையன்கள் அதை மோதும் நொடி என்று நினைக்கிறார்கள். டேக்கிள் அதற்கு இரண்டு அடி முன்னாலேயே முடிவாகிவிடுகிறது.

ஓடுபவன் தோளை ஆட்டுவான், தலையை ஆட்டுவான், பந்தைக் காட்டி ஏமாற்றுவான். இடுப்பை வைத்து மட்டும் ஏமாற்ற முடியாது, அது போகும் பக்கம்தான் அவன் போவான். அதனால் தனக்குப் பக்கத்திலிருக்கும் இடுப்பெலும்பையே பார்க்கச் சொல். அவனுக்கு நேர் எதிரே ஓடக்கூடாது, அரையடி உள்பக்கமாகவே தொடர வேண்டும். அப்போது அவனுக்கு ஒரு வழிதான் மிச்சம், அது கோட்டுக்கு வெளியே போகும் வழி. நெருங்கியதும் எடுத்து வைக்கும் எட்டுகள் சின்னதாக வேண்டும். ஆனால் கால் நிற்கக்கூடாது. பழைய கோச்சுகள் இங்கே காலை அகட்டி நின்று தயாராகச் சொல்வார்கள். நின்றவனைச் சுற்றிக்கொண்டு போவது ஓடுபவனுக்கு ரொம்பச் சுலபம். கடைசி எட்டில்தான் எல்லாம் இருக்கிறது: எந்தத் தோளால் பிடிக்கப்போகிறானோ அதே பக்கத்துக் கால் ஓடுபவன் காலுக்குப் பக்கத்தில் போய் ஊன்ற வேண்டும். தூரத்திலிருந்து பாய்ந்தால் கை மட்டும்தான் போய்ச் சேரும், உடம்பு பின்தங்கிவிடும். கால் ஊன்றிவிட்டால் தோள் தானாகத் தொடையில் போய் உட்காரும். கண் திறந்தே இருக்கும், கன்னம் அவன் பின்பக்கத்தில் ஒட்டும். இரண்டு கையும் முழங்காலுக்கு மேலே சுற்றி இறுக்க, கால்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு கால் ஒட்டிவிட்டால் எவ்வளவு பெரிய ஆளும் விழுந்துதான் ஆக வேண்டும்.

பல வருஷம் இங்கே தலையை ஓடுபவனுக்கு முன்பக்கமாகக் குறுக்கே போடச் சொல்லித்தான் பழக்கினார்கள். தலையே தடையாகும் என்பது கணக்கு. மோதும் முழங்காலுக்கு எதிரில் முகத்தை நீட்டுவது அது. சியாட்டில் சீஹாக்ஸ் என்ற தொழில்முறை அணியின் அப்போதைய கோச் பீட் கேரல் 2014இல் ரக்பி பாணியில் தோளால் பிடிப்பதை வீடியோவாக எடுத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். அதே வருஷம் பிப்ரவரியில் டென்வரை 43-8 என்று மடக்கி சூப்பர் பௌல் என்ற சாம்பியன் பட்டத்துக்கான இறுதிப் போட்டியை ஜெயித்த அணி அது. பாதுகாப்பாகப் பிடித்தால் ஆட்டம் மெத்தனமாகிவிடும் என்று யாராவது சொன்னால் அந்த ஸ்கோரைக் காட்டு.

எனக்கு இது புதுசாகப் படவில்லை. ஊரில் சடுகுடு ஆடியபோது யார் தலையில் கவசம் இருந்தது? தொடையைப் பிடிக்கப் போகிறவன் முகத்தை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்று உடம்பே பார்த்துக்கொள்ளும். ஒரு முறை மூக்கில் முழங்கால் பட்டால் போதும், அந்தப் பாடம் மறக்காது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் இதையே ஆராய்ச்சியாகச் செய்து பார்த்தார்கள். அணியில் பாதிப்பேருக்கு ஹெல்மெட் இல்லாமல் டேக்கிள் பயிற்சி கொடுத்தார்கள். சீசன் முடிவில் அவர்கள் தலையில் வாங்கிய மோதல்கள் 28 சதவீதம் குறைந்திருந்தன. வெளிவந்தது 2015இல். நீயும் அப்படித் தொடங்கு. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, முழங்காலில் உட்கார்ந்து, மெத்தை மேல், நடை வேகத்தில். முதல் வாரம் அவ்வளவுதான். பையன்கள் அலுத்துக்கொள்வார்கள், விட்டுக்கொடுக்காதே.

ஆளோடு ஆள் மோதவிட்டால்தான் தைரியம் வரும் என்று உன் பள்ளியிலும் யாராவது சொல்வார்கள். இருவரைக் குறுகலான இடத்தில் எதிரெதிரே நிறுத்தி மோதவிடும் ஓக்லஹோமா டிரில்லைத் தொழில்முறை லீகான என்எஃப்எல்லே 2019இல் தடை செய்துவிட்டது. டார்ட்மத் கல்லூரியில் பட்டி டீவன்ஸ் 2010இலேயே பயிற்சியில் ஆள்மேல் ஆள் டேக்கிள் செய்வதை நிறுத்தினார். தன் வீரர்கள் ஒருவரையொருவர் தரையில் தள்ளாமலே 2015இல் ஐவி லீக் என்ற கல்லூரி லீகின் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டார். நான் மிகவும் மதிக்கும் கோச் அவர். டெக்சாஸ் பள்ளி விதிப்படி சீசனில் ஒரு பையனுக்கு வாரம் 90 நிமிஷம்தான் முழு மோதல் பயிற்சி. அதில் பாதியைக்கூட நீ தொட வேண்டியிருக்காது.

மிச்ச நேரத்தைத் துரத்தலுக்குக் கொடு. பந்து எங்கே போனாலும் பதினொரு பேரும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆனால் எல்லோரும் பந்தை நோக்கி நேராக ஓடினால் யாரும் பிடிக்க மாட்டார்கள். அவன் எங்கே இருப்பான் என்று பார்த்து அந்த இடத்துக்கு ஓட வேண்டும். நீ கணக்கு வாத்தியார், கோணம் போட்டுக் காட்டு. வெளியோரத்தைக் காப்பவன் ஓடுபவனைத் தன் வெளித்தோளைத் தாண்டி விடவே கூடாது. அவன் தவறவிட்டாலும் ஓடுபவன் உள்பக்கமாக, மற்ற பத்துப் பேர் இருக்கும் பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். அப்படித் தவறவிட்ட பையனைத் திட்டாதே.

2000 ஜனவரி 30, அட்லாண்டா சூப்பர் பௌலின் கடைசி நொடிகளைப் பையன்களுக்குப் போட்டுக்காட்டு. ராம்ஸ் 23, டைட்டன்ஸ் 16. ஆறு நொடி மிச்சம், பந்து ராம்ஸின் கோல் கோட்டுக்குப் பத்து யார்டு முன்னால். டைட்டன்ஸின் மெக்நேர் வீச, அதே அணியின் கெவின் டைசன் ஓட்டத்திலேயே பிடித்தார். ராம்ஸின் தடுப்பாட்டக்காரர் மைக் ஜோன்ஸ் வேறொருவரோடு ஓடிக்கொண்டிருந்தவர், ஓரக்கண்ணால் பார்த்துத் திரும்பினார். கால்களைச் சுற்றிப் பிடித்தார், விடவில்லை. டைசன் விழுந்துகொண்டே பந்தோடு கையை நீட்டினார். ஒரு யார்டு எட்டவில்லை. அதில் பலத்த மோதல் எதுவும் இல்லை. கண், கடைசி எட்டு, இறுக்கிய கை. நிறுத்தி நிறுத்திப் போடு. ஜோன்ஸின் காலை மட்டும் பார்க்கச் சொல்.

டேக்கிள் பழக உருட்டிவிடும் பெரிய வளையம் ஒன்று என் கராஜில் இருக்கிறது. கடைசி வருஷம் நானே வாங்கியது. ஒரு ஓரத்தில் கிழிந்ததை உன் அத்தை தடித்த நூலால் தைத்துக் கொடுத்திருக்கிறாள். சனிக்கிழமை காலையில் வெயில் ஏறுமுன் வந்து எடுத்துக்கொண்டு போ. பின்பக்கப் புல்லில் அதை உருட்டிவிட்டு, அந்தக் கடைசி எட்டை நீயே நாலைந்து தடவை போட்டுப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா