எங்கள் மலைகளிலும் மக்கள் இருக்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வறண்ட நிலங்களில் இயற்கையையும் காத்து, அங்குள்ள மக்களுக்கும் பிழைப்புத் தரும் சுற்றுலா பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள ஹோட்கா கிராமத்தில் ஊர்க்காரர்களே வட்டமான மண்வீடுகள் கட்டி விருந்தினர்களைத் தங்கவைப்பதையும், ராஜஸ்தானின் கீச்சன் ஊரில் குளிர்காலத்தில் வந்திறங்கும் கொக்குகளுக்கு ஊரே தானியம் போடுவதையும் கட்டுரையாளர் மனம் நிறைந்து எழுதியிருந்தார். அதில் எனக்குக் குறை இல்லை. கடைசிப் பத்தியில்தான், மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில் என்று வேலூரைப் பற்றிச் சொல்லும் பழைய வசனத்தை எடுத்துப்போட்டு, வடாற்காட்டில் காப்பாற்றவும் காட்டவும் எதுவும் இல்லை என்கிற மாதிரி முடித்துவிட்டார். பல வருடமாகத் தங்கள் பத்திரிகையை வாங்கிப் படிக்கிற எங்களுக்கு அந்த ஒரு வரி மிகவும் வலித்தது.

சாமியில்லாத கோயில் என்பது 1981-லேயே பொய்யாகிவிட்டது. அந்த வருடம் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக்குள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். தாங்கள் அறியாததல்ல. நாற்பது வருடத்துக்கும் மேலாகப் பூஜை நடக்கும் கோயிலைப் பற்றி இன்னும் இப்படி அச்சில் வந்தால் என்ன சொல்வது?

மரமில்லாத மலைக்கு வருகிறேன். நான் ஒடுகத்தூரில் மண்டி வைத்திருக்கிறேன். பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை என்று ஜவ்வாது மலையின் வேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து புளியும் சாமையும் தேனும் கடுக்காயும் சீதாப்பழமும் எங்கள் கடைக்கு இறங்கி வருகின்றன. எங்கள் அப்பா காலத்திலிருந்து இதுதான் எங்கள் பிழைப்பு. காப்பாற்ற எதுவும் இல்லாத மலையிலிருந்து இத்தனையும் எப்படி வருகிறது? வெயில் காலத்தில் சாலையோரம் நின்று பார்த்தால் மொட்டைப் பாறைதான் தெரியும். இரண்டு மழை விழுந்த பிறகு மேலே ஏறிப் பார்த்தவர் யாரும் அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டார். கட்ச்சில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு மழை எங்களுக்குப் பெய்கிறது.

சில வருடங்களுக்கு முன் குடும்பத்தோடு மதுரா யாத்திரை போனபோது பக்கத்தில் இருக்கும் பரத்பூருக்கும் போனோம். அங்குள்ள பறவைகள் சரணாலயத்துக்குள் எங்களை அழைத்துப்போனவர் ஒரு சைக்கிள் ரிக்ஷாக்காரர். கழுத்தில் தொலைநோக்கி, வாயில் பறவைகளின் பெயர்கள். என் பேரன் சத்தம் போட்டதற்கு அவனைக் கண்டித்தார். அது அவருடைய இடம், அந்த உரிமை அவர் பேச்சில் இருந்தது. அதே பரத்பூரில் 1982-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்து ஊர்க்காரர்களின் எருமைகளை உள்ளே விடக்கூடாது என்றபோது கலவரமாகி, போலீஸ் சுட்டு ஆட்கள் செத்தார்கள். பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல வருடம் ஆராய்ந்து பார்த்து, எருமை மேயாததால் புல் மண்டி நீர்ப்பரப்பை அடைத்துவிட்டது, அதனால் பறவைகளுக்குத்தான் கெடுதல் என்று எழுதினார்கள். மக்களை வெளியே தள்ளினால் காடு பிழைத்துக்கொள்ளும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். தங்கள் கட்டுரையில் ரிக்ஷாக்காரர்கள் வந்தார்கள், எருமைகள் வரவில்லை.

இனி எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன். சென்னையிலிருந்து வந்த உறவினர்களை இந்தப் பக்கத்து மலை ஒன்றில் ஒரு தங்கும் விடுதிக்கு அழைத்துப்போனேன். மேலாளர் கீழூர்க்காரர், சமையல்காரர் வேறு மாநிலத்தவர். கூட்டுவதற்கும் குப்பை அள்ளுவதற்கும் மட்டும் மலைக்காரர்கள். வாசலில் இரண்டு பெண்கள் தேனும் சாமையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். காவலாளி வந்து அவர்களை எழுப்பி விரட்டினார். அவர்களில் ஒருவர் எங்கள் மண்டிக்கு வழக்கமாகப் புளி கொண்டுவருபவர். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அன்று இரவு நாங்கள் சாப்பிட்ட சாப்பாட்டில் அந்த மலையில் விளைந்தது ஒன்றுமே இல்லை. நெஞ்சு கொதித்தது ஐயா. சுற்றுலா வந்துவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. யாருக்கு வந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

பிழைப்பு இல்லாத மலையில் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? மேஸ்திரி முன்பணம் கொடுத்தால் வண்டி ஏறுவார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்களே, அந்த இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அந்த வாரம் சந்தையில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. மரத்தை நின்றபடியே வைத்துக் காட்டினால் கூலி கிடைக்கும் என்றிருந்தால், வெட்டுகிற கூலிக்கு எவன் உயிரைக் கொடுத்துப் போவான்? காட்டைக் காப்பதும் அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு கிடைப்பதும் எனக்கு ஒரே விஷயமாகத்தான் தெரிகிறது.

2023-ல் அணைக்கட்டு பக்கம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை சாலை இல்லாததால் உரிய நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேராமல் இறந்தது. பெற்ற தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலை ஏறிய செய்தி எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. விருந்தினர் தங்கும் இடங்களுக்கெல்லாம் நல்ல தார்ச்சாலை போகிறது.

பாலாற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் முடியாது. தண்ணீரில்லாத ஆறு என்று ஆற்றைக் குற்றம் சொல்வது சுலபம். மணலை அள்ளியது யார், தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டது யார்? அசுத்தம் செய்தவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்புச் சொன்னது எங்கள் வேலூர் வழக்கில்தான். அப்புறம் 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் அதே கழிவைப் பற்றி மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் போனது ஒரு தலைமுறை.

ஆனால் நல்லதும் நடந்திருக்கிறது. எங்கள் பக்கத்து நாகநதி ஆற்றின் படுகையில் நூறு நாள் வேலைப் பெண்கள் மழைநீர் நிலத்துக்குள் இறங்குவதற்கான கிணறுகளைத் தோண்டினார்கள். 2021-ல் பிரதமரின் வானொலி உரையிலேயே அந்த ஆறு இடம்பெற்றது. அரசு 2024-ல் மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக வைத்தது. நல்ல தொடக்கம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வழிகாட்டும் பையனுக்குக் கூலி கிடைத்தால் மட்டும் போதாது. எத்தனை பேரை மேலே விடலாம், எந்த மாதத்தில் பாதையை மூட வேண்டும், நுழைவுக் கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதையும் அந்த ஊரே சொல்ல வேண்டும். நமீபியா என்ற பாலை நாட்டில் 1996-லேயே சட்டம் போட்டு, காட்டு விலங்குகளால் வரும் வருமானத்தை ஊர் அமைப்புகளின் கையில் கொடுத்துவிட்டார்கள். நம்மிடமும் 2006-ன் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தை அது கொடுக்கிறது. மலையூர்களில் போய் அப்படி ஒன்று இருப்பதைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது. எங்கள் அடிவாரத்திலும் முன்பு ஒரு திட்டத்தில் வனக்குழு அமைத்தார்கள். தடுப்பணை கட்டி முடித்து, பணம் நின்றது. கூட்டமும் அதோடு நின்றது. இப்போது பெயர்ப்பலகை மட்டும் இருக்கிறது.

ராஜஸ்தானின் பிஷ்னோய் சமூகத்து மக்கள் 1730-ல் கேஜ்ரி மரத்துக்காக 363 உயிர்களைக் கொடுத்ததைத் தங்கள் கட்டுரை உருக்கமாகச் சொன்னது. அந்த மரம் நம்முடைய வன்னிதான், நம் ஊர்க் கோயில்களிலும் நிற்கிறது. ராஜஸ்தான்காரர் மரத்தைக் காத்தால் வீரம் என்கிறோம். ஜவ்வாது மலைக்காரர் மரத்தருகே நின்றாலே திருடனாகப் பார்க்கிறோம். இந்தப் பார்வையை மாற்றுகிற இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு எழுதினேன்.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தப் பழைய வசனத்தை இனி அச்சிட வேண்டாம். சுற்றுலாப் பக்கத்தில் 'எங்கே தங்கலாம்' என்று விடுதிகளின் பெயர்களைக் கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். அதன் கீழே, மலைப்பெண்கள் தேனும் சாமையும் விற்கும் இடம் எது, ஒடுகத்தூரிலிருந்து மேலே போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று இரண்டு வரி சேருங்கள். கேட்டால் நானே விவரம் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
புளி மண்டி, ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.