தொங்கு படுக்கைக்குக் குறுக்குக் கம்பு

அன்பு நண்பா,

வணக்கம். முதுகுவலி தணிந்து மறுபடியும் முகாம்களுக்குக் கிளம்பத் தொடங்கிவிட்டாய் என்று அறிந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. தொங்கு படுக்கையில் தோள்கள் நெருக்கப்படுவதாகவும், முழங்கால்கள் விடிவதற்குள் வலியெடுப்பதாகவும் எழுதி, இரு முனைகளிலும் துணியை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பு வைத்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறாய். கொஞ்ச காலமாக நானும் இதைத்தான் மாற்றி மாற்றிச் செய்து பார்க்கிறேன் என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பைப் பற்றி யோசிப்பதற்கு முன் நீ கட்டும் முறையைப் பார்த்துவிடு. உன்னுடையது தூளியைப் போல இரு முனைகளிலும் துணியைச் சுருக்கிக் கட்டிய வகை. அதில் நேராகப் படுத்தால் உடல் வில்லாக வளையும். தலை ஒரு பக்கமும் கால் எதிர்ப்பக்கமுமாகச் சாய்த்துப் படுத்தால்தான் துணி தட்டையாகும், அதற்குத் துணி தளர்வாகத் தொங்க வேண்டும். படுக்கையின் முனைகளை மரத்தோடு கட்டும் பட்டைகள் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்வில் இருந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய உன் எடையளவு இழுவிசையைத் தாங்கும். 10 பாகைக்கு இறுக்கிவிட்டால் அது கிட்டத்தட்ட மூன்று மடங்காகும், துணியின் ஓரங்களும் விறைத்துத் தோளை நெரிக்கும். தொய்வு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் அமைய, இரு முனைகளுக்கும் இடையே படுக்கை நீளத்தில் 83 விழுக்காடு அளவுள்ள முகட்டுக் கயிற்றைக் கட்டுவது வழக்கம், 3.3 மீட்டர் படுக்கைக்கு அது சுமார் 2.74 மீட்டர் வரும்.

இவ்வளவு செய்தும் தோள் நெருக்கம் தீராவிட்டால் கம்புக்கு வேலை இருக்கிறது. ஆனால் தோட்டங்களில் தொங்குவனவற்றைப் போலத் துணியை இரு கம்புகளுக்கு இடையே தட்டையாக இழுத்துப் பிடிப்பதை நான் அடியோடு மறுக்கிறேன். அப்போது உடல் கம்புகளின் மட்டத்திலேயே கிடக்கும். தூக்கத்தில் சற்றுப் புரண்டாலும் படுக்கை கவிழ்ந்துவிடும். கம்பு எப்போதும் படுப்பவனுக்கு மேலே இருக்க வேண்டும், உடல் அதற்குக் கீழே தொங்க வேண்டும் என்பதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி என்று நான் உறுதியாக நம்புகிறேன். தொங்கு பாலத்தைப் போல அமைந்த ‘பால வகை’ப் படுக்கைகளில் இதைத்தான் செய்திருக்கிறார்கள்: துணியின் நீள ஓரங்களை உள்வளைவாக வெட்டி, அந்த விளிம்பில் பட்டை தைத்து, நான்கு மூலைகளையும் கம்புகளால் விரித்திருப்பார்கள். எடை அந்த ஓரப் பட்டைகளில் இறங்குவதால், நடுவிலுள்ள துணி தொய்ந்தும் தட்டையாகவும் இருக்கும். நான் தைத்ததில் தலைப்பக்கம் 90 செ.மீ., கால்பக்கம் 65 செ.மீ. கம்புகள், மல்லாந்து மட்டுமல்ல, ஒருக்களித்தும் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.

கம்பின் முனைகளிலிருந்து கயிறுகள் சென்று கூடும் இடம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை, ஆனால் கம்பு வளைவதும் வளையாததும் பெரும்பாலும் அதைப் பொறுத்ததே. முனைப் பட்டையில் 70 கிலோ இழுவிசை இருப்பதாக வைத்துக்கொள். 90 செ.மீ. கம்பிலிருந்து கயிறுகள் 90 செ.மீ. தள்ளிக் கூடினால் கம்பை நெருக்கும் விசை 17.5 கிலோ, 45 செ.மீ. தொலைவிலேயே கூடினால் அது 35 கிலோ. ஓரப் பட்டைகள் உள்நோக்கி இழுப்பது இதற்கு மேல். கம்பின் நீளம் இரட்டித்தால் வளையாமல் தாங்கும் வலிமை நான்கில் ஒன்றாகிவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கயிற்றை நீளமாகவும் கம்பைத் தேவைக்கு மேல் போகாமலும் வைப்பதே நல்லது. ஒரே எடையில், கெட்டியான கம்பியைவிட அலுமினியக் குழாய் நன்றாகத் தாங்கும். மலையேற்றக் கைத்தடியையும் பயன்படுத்தலாம், அதன் பூட்டு அழுத்தத்தில் நழுவாது என்று உறுதியானால் மட்டும்.

முனைகளில் கவனம் வேண்டும். படுக்கையில் உட்காரும் கணத்தில் ஒரு பக்கக் கயிறு தளர்கிறது. அப்போது வெறும் வளையத்தில் செருகிய குழாய் வெளியே வந்து முகத்தருகே தெறிக்கும். முனைக்கு ஆழமான உறை போட்டு, உறையை மெல்லிய கயிற்றால் மூலையோடு பிணைத்துவிட்டேன், இப்போது அசைவதில்லை.

உன் இப்போதைய படுக்கையை மாற்ற மனமில்லையென்றால், தலைப்பக்கம் மட்டும், முகத்துக்கு மேலே துணியின் இரு ஓரங்களையும் விலக்கிப் பிடிக்குமாறு தோளகலத்தைவிடச் சற்றே நீண்ட ஒரு கம்பை வைத்துப் பார். எடை அதில் நேரடியாக இறங்காததால் லேசான குழாயே போதும். முழங்கால் வலிக்கு இது பயன்படாது; அதற்குக் காலுக்கடியில் சிறு தலையணை ஒன்றே மருந்து.

உன் தோளகலம், உயரம், படுக்கையின் நீள அகலம் நான்கையும் அளந்து எழுது. அதற்கேற்ற கம்பின் அளவையும் உறை தைக்கும் விதத்தையும் வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்