மெய்யப்பனுக்கு, மாத்திரைப் பை பற்றி

அன்புள்ள மெய்யப்பனுக்கு,

அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் நலம். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், சுகர் எவ்வளவு என்பாய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 7.8. போதுமா?

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் ஆரம்பித்தால், "சென்னைக்குப் போய் முழு செக்கப் பண்ணிடுங்க" என்று முடித்துவிடுகிறாய்.

ரத்தம் கொடுக்கிற நாள் எப்படிப் போகும் தெரியுமா? வெறும் வயிற்றோடு கானாடுகாத்தானில் பஸ் பிடித்துக் காரைக்குடி போய் ஒரு ஊசி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. லேபில் நாற்காலி கிடைக்காது. கொப்புடையம்மன் கோயிலில் போய் உட்கார்ந்துகொள்வேன். நடந்தால் சுகர் குறைத்துக் காட்டிவிடும். சாயங்காலம் டோக்கன் வாங்கி உள்ளே போனால் டாக்டர் தாளைப் பார்ப்பார், "கொஞ்சம் கூடியிருக்கே" என்று ஒரு மாத்திரையைக் கூட்டுவார். என் முகத்தைப் பார்த்தாரா என்பது சந்தேகம். அவரைச் சொல்லி என்ன, வெளியே அத்தனை கூட்டம்.

நோய் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. சர்க்கரைக்கு ஒருவர், நெஞ்சுக்கு மதுரையில் ஒருவர், முழங்காலுக்கு ஒருவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாச் சீட்டையும் மஞ்சள் பையில் சுமந்து போகிற எனக்குத்தான் தெரியும், எனக்கோ அந்த எழுத்து புரியாது. மாசியில் முழங்காலுக்கு என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். சர்க்கரை இருக்கிறது என்று நானாகச் சொன்னேன், "ம்" என்றார். கொஞ்ச நாளில் கால் வீங்கி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஏறிவிட்டது. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவன் சிறுநீரகத்துக்கு அந்த வகை மாத்திரை ஆகாது என்று வேறொரு டாக்டர் நிறுத்தினார். இப்போது இறங்கிவிட்டது, பயப்படாதே. அதே பையில் மெட்ஃபார்மின் என்கிற சர்க்கரை மருந்து தனியாக ஒரு பெயரில், கலப்பு மாத்திரைக்குள் இன்னொரு பெயரில் இருந்தது. மருந்துக்கடைப் பையன்தான் கண்டுபிடித்தான்.

2021இல் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நம் தெருவுக்கு ஒரு பெண் வருகிறாள். பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு உடனே கிளம்பமாட்டாள். "ராத்திரி தூங்குனீங்களா ஐயா? வேர்த்து நடுங்குதா?" என்று கேட்பாள். அவள் கேட்டதால்தான் விடியற்காலையில் வேர்த்து எழுந்துகொள்வதைச் சொன்னேன். சர்க்கரை தாழ்ந்து போவதாம் அது! நான் வயசு என்று நினைத்திருந்தேன். அவள் சொல்லி டாக்டரிடம் போனதும் மாத்திரையைக் குறைத்தார்கள். என் வயதுக்கும் கூட இருக்கிற நோய்களுக்கும் ஏழுக்குக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டியதில்லை, எட்டை ஒட்டி இருக்கட்டும், தாழ்ந்து மயங்கி விழுவதுதான் ஆபத்து என்றார்கள். அதனால் அந்த 7.8ஐப் பார்த்து நீ பதற வேண்டாம்.

பங்காளி வீட்டுச் சாந்திக் கல்யாண விருந்தில் கந்தரப்பத்தை என் இலையைத் தாண்டிக் கொண்டு போனார்கள். சுகர்க்காரனுக்கு நாக்கு கிடையாதா? கேட்டு வாங்கிப் பாதி சாப்பிட்டேன். ஆத்தாவிடம் சொல்லாதே.

ஆவணியில் வரும்போது செக்கப் எதுவும் வேண்டாம். ஒரு பகல் என்னோடு உட்கார். பையைக் கொட்டி, எந்த மாத்திரை எதற்கு, யார் எழுதியது, எப்போது தொடங்கியது என்று ஒரே தாளில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடு. அதோடு டாக்டரிடம் நீயும் கூட வந்து, இதில் எதை நிறுத்தலாம் என்று கேள். நான் கேட்டால் யூடியூப் பார்த்தீர்களா என்பார்கள். சிங்கப்பூர் மகன் கேட்டால் பதில் வரும்.

அப்புறம், கோடாலித் தைலம் இரண்டு பாட்டில் வாங்கி வா. முழங்காலுக்கு இப்போது அதுதான்.

அன்புடன்,
அப்பச்சி