'இட்' எங்கே போய் உட்காரும்?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று எழுதலாம். முழங்காலாலா எழுதுகிறாய் என்று நீ மடக்குவாய். வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவள் வேலை மாறிவிட்டாள், சின்னவனுக்குப் பரீட்சை நெருங்குகிறது. நான் வழக்கம்போல அடுத்தவர் எழுதிய ஆங்கிலத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஓய்வு பெற்றபின் நீ மாலையில் ஆங்கில வகுப்பு எடுக்க ஆரம்பித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. யாருக்காவது எதையாவது சொல்லிக்கொடுக்காமல் உன்னால் இருக்க முடியாதே.

உன் மாணவி கேட்டது நல்ல கேள்வி. 'லுக் அட் இட்' சரி, 'ஸ்விட்ச் ஆஃப் இட்' மட்டும் ஏன் தப்பு? இரண்டிலும் ஒரு வினை, ஒரு குட்டிச் சொல், கடைசியில் 'இட்'. "அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்" என்று சொல்லிச் சமாளித்தாயாம். சமாளிக்கத் தேவையில்லை. காதாலேயே கண்டுபிடிக்கக்கூடிய காரணம் இருக்கிறது.

'லுக் அட் இட்' என்று வாய்விட்டுச் சொல். அழுத்தம் 'லுக்'கில் விழும். 'அட்' கேட்டும் கேட்காமலும் ஓடிவிடும். இப்போது 'ஸ்விட்ச் இட் ஆஃப்' சொல். 'ஆஃப்' ஓங்கி ஒலிக்கிறது அல்லவா? 'அட்' தனக்குப் பின்னால் வரும் பெயரைச் சேர்ந்தது. நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது, இது முன்னால் ஒட்டுகிறது, அவ்வளவுதான். 'ஆஃப்' அப்படியல்ல. அது வினையின் ஆள். வினையோடு கூட்டுச் சேர்ந்து அதன் பொருளையே முடிவுசெய்கிறது. அதனால்தான் பெயர்ச்சொல் வரும்போது 'ஸ்விட்ச் ஆஃப் த லைட்' என்றும் சொல்லலாம், 'ஸ்விட்ச் த லைட் ஆஃப்' என்றும் சொல்லலாம். 'லுக் த பிக்சர் அட்' என்று யாரும் சொல்வதில்லை.

வகுப்பில் காட்ட ஒரு பழைய ஜோடி உண்டு. 'ஷீ ரேன் அப் எ ஹில்', 'ஷீ ரேன் அப் எ பில்'. முதலாவதில் அவள் குன்றின்மேல் ஓடி ஏறினாள். இரண்டாவதில் செலவை ஏற்றிக்கொண்டே போனாள். எழுத்தில் பார்த்தால் ஒரே அச்சு. 'இட்' போட்டதும் சாயம் வெளுத்துவிடும்: குன்றுக்கு 'ரேன் அப் இட்', பில்லுக்கு 'ரேன் இட் அப்'. கூடவே, 'ரேன் குவிக்லி அப் த ஹில்' என்று நடுவில் ஒரு சொல்லை நுழைக்கலாம். பில்லில் அந்த இடைவெளி கிடைக்காது. 'ரேன்', 'அப்' இரண்டும் அவ்வளவு நெருக்கம். இந்த இரண்டு சோதனையும் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

மீதிப் பாதி இதுதான்: அவ்வளவு நெருக்கமான ஜோடிக்கு நடுவே 'இட்' மட்டும் எப்படி நுழைகிறது? நுழையலாம் என்றுகூட இல்லை, நுழைந்தே ஆகவேண்டும். ஏனென்றால் 'இட்', 'ஹிம்', 'தெம்' எல்லாம் எடையில்லாத சொற்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முன்பே தெரிந்திருப்பதால்தான் அவற்றைச் சொல்கிறோம். ஆங்கில வாக்கியத்தின் கடைசி இடமோ புதிய செய்திக்கும் கனமான சொல்லுக்கும் உரியது. தெரிந்த சங்கதிக்கு அங்கே வேலையில்லை. ஆகவே 'இட்' வினையின் தோளில் சாய்ந்துகொள்கிறது, அழுத்தம் வாங்கும் 'ஆஃப்' கடைசிக்குப் போகிறது. 'லுக் அட் இட்' என்பதில் 'அட்' தன் பெயரை விட்டு விலக முடியாது என்பதால் 'இட்' வேறு வழியில்லாமல் கடைசியில் நிற்கிறது.

எடைதான் காரணம் என்பதற்குச் சாட்சி கேட்டால், அதே விதியைத் தலைகீழாகப் பார். செயப்படுபொருள் நீண்டுகொண்டே போனால் அது பின்னால் தள்ளப்படும். 'பிக் அப்' என்று முடித்துவிட்டு, நேற்று அவன் மேஜைமேல் விட்டுப்போன புத்தகங்கள் எல்லாவற்றையும் அப்புறம் அடுக்குவார்கள். அவ்வளவு நீளத்தையும் நடுவில் திணித்துவிட்டுக் கடைசியில் ஒற்றை 'அப்' போட்டால், கேட்கிறவர் அதற்குள் வினையையே மறந்திருப்பார்.

நம் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு தடங்கல். தமிழில் தெரிந்த பொருளை நாம் பெரும்பாலும் சொல்வதில்லை. பேனா கீழே விழுந்தால் "எடு" என்கிறோம், "அதை எடு" என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் வெறும் 'பிக் அப்' என்று நிறுத்திவிடுவார்கள். படம் பிடித்ததா என்றால் 'ஐ லைக்ட்' என்பார்கள். 'இட்'டை எங்கே வைப்பது என்ற கேள்வி அப்புறம். முதலில் அதை வைக்கவேண்டும் என்பதே தோன்றுவதில்லை. உன் வகுப்பை நான் எடுத்தால் முதலில் பிடிப்பது இதைத்தான்.

இரண்டு செயப்படுபொருள் வந்தாலும் எடைக் கணக்கு தொடர்கிறது. 'கேவ் ஹிம் த புக்' சரளமாக வரும். புத்தகத்தை 'இட்' ஆக்கினால் 'கேவ் இட் டு ஹிம்' என்றாகிவிடுகிறது. 'கேவ் ஹிம் இட்' பலர் காதுக்கு நொண்டும். இங்கிலாந்தின் சில பகுதிகளில் 'கிவ் இட் மி' என்றே பேசுகிறார்கள். பரீட்சையில் எழுதச் சொல்லிவிடாதே. நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. 'அதை அவனுக்கு', 'அவனுக்கு அதை' எப்படி வைத்தாலும் ஐயும் கு-வும் யார் எது என்று காட்டிவிடும். பழைய ஆங்கிலத்திலும் பெயர்களுக்கு அப்படி உருபுகள் இருந்தன. அவை தேய்ந்துபோனபின் சொல்வரிசையும், 'அட்', 'டு' போன்ற ப்ரெபொசிஷனும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. 'மி', 'ஹிம்', 'தெம்' போன்ற ப்ரோனவுன்களில் இன்னும் வேற்றுமையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

'எக்ஸ்ப்ளெய்ன் மி' ஏன் தப்பு என்ற விவகாரத்துக்கு வருகிறேன், அதையும் கேட்டிருந்தாயே. 'டெல் மி', 'ஷோ மி' போலப் பழைய குடும்பத்து வினைகள் ஆளை நேரே பக்கத்தில் உட்காரவைக்கும். 'எக்ஸ்ப்ளெய்ன்', 'டிஸ்க்ரைப்' போன்று லத்தீன் வழி வந்தவை பெரும்பாலும் 'டு' இல்லாமல் ஆளைச் சேர்க்காது: 'எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மி'. 'ப்ராமிஸ்', 'ஆஃபர்' இரண்டும் இந்தக் கணக்கில் அடங்காது, எனவே விதி என்று கரும்பலகையில் எழுதாதே. 'டிஸ்கஸ் அபவுட்' நம் 'பற்றி' போட்ட குட்டி. அழித்துவிடு, விளக்கமே வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. 'ராப்', 'ஸ்டீல்' இரண்டும் திருட்டுதான். ஆனால் 'ராப்' ஆளைப் பிடிக்கும், 'ஸ்டீல்' பொருளைப் பிடிக்கும்: 'ராப்ட் ஹிம் ஆஃப் (of) இட்', 'ஸ்டோல் இட் ஃப்ரம் ஹிம்'. யாரை நேரே பக்கத்தில் வைப்பது, யாரை ப்ரெபொசிஷனுக்குப் பின்னால் அனுப்புவது என்பதை ஒவ்வொரு வினையும் தானே முடிவுசெய்கிறது. 'ப்ளேம்' இரண்டு பக்கமும் பேசும்: 'ப்ளேம் ஹிம் ஃபார் இட்', 'ப்ளேம் இட் ஆன் ஹிம்'. பழி ஒன்றுதான், வரிசைதான் வேறு.

வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது கஷ்டம் என்பது ஆங்கிலேயர்களுக்கும் தெரியும். சாமுவேல் ஜான்சன் 1755இல் தன் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒட்டும் இந்தக் குட்டிச் சொற்கள் அந்நியருக்குப் பெரும் சிரமம் தரும் என்று எழுதிவிட்டார். இன்றைய மாணவர் அகராதிகள் சிலவற்றில் 'பிக்', 'அப்' இரண்டுக்கும் நடுவே இருதலை அம்பு போட்டிருப்பார்கள். பெயர் இருபுறமும் போகலாம் என்பதற்கு அதுதான் அடையாளம். 'லுக் ஆஃப்டர்' பக்கத்தில் அம்பு இருக்காது. உன் மாணவர்கள் அந்த அம்பைத் தாண்டிப் பொருளுக்கு ஓடிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். வெறும் 'பிக் அப்' என்று மனப்பாடம் செய்யாமல் 'பிக் இட் அப்' என்றே எழுதிவைக்கச் சொல். 'லுக் ஆஃப்டர் இட்', 'புட் அப் வித் இட்', எல்லாவற்றையும் 'இட்'டோடு சேர்த்தே.

அடுத்த வகுப்பில் 'கால் ஆஃப்', 'கால் ஆன்' இரண்டையும் கொடுத்து 'இட்', 'ஹிம்' போடச் சொல். கூட்டத்தை ரத்து செய்தால் 'கால் இட் ஆஃப்', ஆளைப் போய்ப் பார்த்தால் 'கால் ஆன் ஹிம்'. அந்தக் கேள்வி கேட்ட பெண் என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது. உன் ரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுது. போன கடிதத்தில் அதை நைசாக விட்டுவிட்டாய்.

அன்புடன்,
உன் நண்பன்