மடுல்சீமையில் இருக்கும் அக்காவுக்கு

அக்கா,

அம்மாவின் ஆண்டுத் திவசம் முடிந்துவிட்டது. நீ வரவில்லை. மண் சரிந்து பஸ் ஓடவில்லை என்று வந்த எல்லோருக்கும் நான்தான் சொன்னேன். அவர்கள் நம்பினார்களா என்று கேட்காதே. நான் நம்பினேன்.

அம்மா உன் வீட்டுக்கு ஒரு தடவைக்கு மேல் வராததைக் கோபம் என்றே நீ எடுத்துக்கொண்டாய். அன்று நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதைத்தான் நீ கண்டாய். வழியில் நடந்தது உனக்குத் தெரியாது.

செங்கலடிச் சந்தியில் விடியவே பதுளை பஸ் ஏறினோம். மகாஓயா வரை அம்மா வயலையும் மாட்டையும் பார்த்துக் கதைத்துக்கொண்டே வந்தார். மடியில் எருமைத் தயிர்ச் சட்டி. பிபிலை தாண்டி லுணுகலைக்கு ஏறத் தொடங்கியதும் கதை நின்றுவிட்டது. வளைவுக்கு வளைவு பஸ் ஒரு தூக்குத் தூக்கிப் போடும். அம்மா சட்டியை வயிற்றோடு சேர்த்து அணைப்பார். கொண்டக்டர் தம்பி கேட்டும் கொடுக்கவில்லை.

பசறையில் மாறி ஏறிய பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கோதுமை மாப் பையோடு இருந்த ஒரு தோட்டத்துப் பெண் நெருங்கி இருந்து அம்மாவுக்கு இடம் விட்டார். கொஞ்ச தூரத்திலேயே அம்மாவுக்குச் சத்தி வந்தது. அவர் பையிலிருந்த தோடம்பழத்தை உரித்து, தோலை நசுக்கி அம்மாவின் மூக்கில் பிடித்தார். அந்த நேரம் பஸ் ஒரு கிடங்கில் விழுந்து எழும்ப, சட்டியில் வெடிப்பு ஓடித் தயிர்த்தண்ணி அம்மாவின் சீலையில் ஊறியது. அவர் ஒன்றும் பேசாமல் தன் துவாயை எடுத்து, வெடித்த இடத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். நீ அவிழ்த்துத் தோய்த்துக் காயப்போட்டாயே, அந்தத் துவாய்தான்.

உன் கலியாணத்தின்போது அந்தத் தோட்டத்துச் சனத்தைப் பற்றி அம்மா சொன்ன சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். இதை நம் சொந்தக்காரர்களும் வாசிப்பார்கள். இன்றைக்கும் அதைச் சொல்கிறவர்கள் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அந்த அம்மாதான் மடுல்சீமை வரும்வரை அந்தப் பெண்ணின் தோளில் தலை வைத்து நித்திரை கொண்டார். பெயரைக் கேட்கவில்லையே என்று பிறகு எவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? 2023இல், தோட்டத்துச் சனம் இந்தியாவிலிருந்து வந்து இருநூறு வருசம் என்று, மலையகம் 200 என்ற பெயரில் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்து போனார்களே, அதை டீவியில் பார்த்து, "அந்தப் பிள்ளையும் போகுதோ மனே?" என்று கேட்டார்.

கோபம் இல்லை அக்கா, பயம். 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் போன பஸ், பாறை விழுந்து ஒடுங்கிக் கிடந்த இடத்தில் பள்ளத்துக்குள் போனதே, அதற்குப் பிறகு உன்னையும் அந்த றோட்டால் வரச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீ கோல் எடுத்த நேரமெல்லாம் "அம்மாவுக்குச் சுகம்" என்று நான் சொன்னது அதனால்தான். உனக்கு அது வலித்திருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் நீயும் யோசி. ஏறுகிற றோட்டுத்தான் இறங்குகிறதும். யாரும் சொல்லாமலே ஒரு நாள் வந்து நின்றிருக்கலாம். ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே வாங்கில் இரவிரவாக இருந்தது நான் மட்டும்தான். அத்தானுக்கும் எனக்கும் நடந்த கதையை இங்கே எழுதமுடியாது, அவருக்கு விளங்கும்.

இப்போது நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். வீட்டையும் வளவையும் உன் மகளுக்கு எழுதப்போகிறேன். நமக்குக் குடி, அதாவது குலம், தாய்வழி. எனக்குப் பிறந்தது எல்லாம் ஆண்கள். அம்மாவின் குடி இனி உன் மகளோடுதான் போகும். அவள் மலையில் பிறந்ததால் அது மாறாது. ஊரில் யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும். சாகும்வரை அதில் இருக்கிற சீவிய உரித்தை மட்டும் எனக்கு வைத்துக்கொள்கிறேன். உன்னைக் கேட்காமல் முடிவெடுத்தேன்தான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அந்தப் பதிலைக் கேட்க எனக்கு இப்போது தெம்பில்லை.

உறுதி எழுத நொத்தாரிசு தை பிறந்து வரச் சொன்னார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தபாலில் போட்டுவிட்டு இருந்துவிடாதே. அவளையும் கூட்டிக்கொண்டு நீயே வா.

தங்கச்சி